ஓரி மலைக்கு ஒரு வில்

பட்டறை வாசலில் மண்ணே கறுப்பு. வருஷக்கணக்காகக் கிரீசும் டீசலும் குடித்துக் குடித்து, மழை பெய்தாலும் சேறாகாத தரை அது. அதன் மேல் பிக்கப் நின்ற நிலையைப் பார்த்தாலே நோய் தெரிந்தது. கால் சுளுக்கிய ஆள் ஒருக்களித்து நிற்பதுபோல, இடது பின்பக்கம் இறங்கி நின்றது.

வண்டி என் மைத்துனனுடையது. சேந்தமங்கலத்துக்காரன். கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போடுவதுதான் பிழைப்பு. சீசன் வந்தால் பலா, அன்னாசி. காரவள்ளியிலிருந்து மலையேறும் அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் அவற்றை எண்ணிப் படம் எடுப்பார்கள். இவன் எண்ணுவதில்லை, கை எண்ணிக்கொள்ளும் என்பான்.

"மாமா, பாதி வளைவு தாண்டறதுக்குள்ள தோள் விட்டுப்போகுது. வண்டி ஒரு பக்கமாவே சாயுது. ராத்திரியில எதுக்க வர்றவனெல்லாம் லைட்ட அடிச்சுத் திட்டறான். இன்னொரு பிளேட் ஏத்திட்டா சரியாயிரும். நாமக்கல் போறேன், வர்றீங்களா?"

எழுதுகிறவனுக்கு வேறென்ன வேலை. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

நாமக்கல்லில் வண்டியின் எந்த எலும்புக்கும் ஒரு வைத்தியர் உண்டு. லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர். சமையல் எரிவாயு டேங்கர்கள் வரிசைகட்டி நிற்கிற ஊர். பக்கத்திலேயே திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள். இவ்வளவு பாரம் உருளும் இடத்தில் ஸ்பிரிங் பட்டறைக்குப் பஞ்சமிருக்குமா? எங்கள் மைத்துனன் நம்புகிற பட்டறை, ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை இருந்த இடத்தில் ஒரு முழுப் பிளேட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

பட்டறைக்கார அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மைத்துனன் சொல்ல வந்ததைக் கேட்கவில்லை. சமதளமான சிமென்ட் திட்டுக்கு வண்டியை நகர்த்தச் சொன்னார். டேப்பை எடுத்து சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை அளந்து, சுண்ணாம்புக் கட்டியால் டயரிலேயே எழுதினார். வலதைவிட இடது இரண்டு அங்குலம் குறைவு.

"பிளேட் ஏத்தறது அப்புறம். மொதல்ல கழட்டிப் பாத்துரலாம்."

"கழட்டாமயே ஒண்ணு கூடச் சொருக முடியாதாண்ணா? நாளைக்கு லோடு இருக்குது."

"வயித்து வலிக்கு வந்தவன் சோத்தக் கூடப் போடச் சொன்னானாம்" என்று முனகிக்கொண்டே ஜாக்கியை உள்ளே தள்ளினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வளைந்த எஃகுப் பட்டைகளை நீளத்தில் படிப்படியாகக் குறைத்து அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டுக் கட்டிய இந்தச் சாமானை இப்போது லீஃப் ஸ்பிரிங் என்கிறோம், பிளேட் என்கிறோம். நம் தாத்தாக்கள் இதை வில் என்றார்கள். மாட்டு வண்டிகளில் வசதியானது வில் வண்டி; அதன் அடியில் இருந்ததும் இதேதான். கொல்லிமலையை ஆண்டவன் பெயரோ வல்வில் ஓரி. செம்மேட்டில் அவன் சிலை நிற்கிறது. ஓரியின் மலைக்கு ஏறி இறங்கும் வண்டிக்கு வில் சரியில்லாமல் போனதை நான் வேடிக்கையாகச் சொன்னபோது மைத்துனன் சிரிக்கவில்லை. அவனுக்கு நாளைய லோடு.

சேசிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, அச்சை மட்டும் தனி ஜாக்கியில் தாங்கினார்கள். பிளேட் கட்டை அச்சோடு சேர்த்துக் கவ்விப் பிடிப்பது நான்கு யூ போல்ட்டுகள், பக்கத்துக்கு இரண்டு. அவற்றின் நட்டுகள் துருவில் ஊறிப்போயிருந்தன. உதவிக்கு இருந்த பையன் மண்ணெண்ணெய் ஊற்றி, நீளக் குழாய் மாட்டித் திருகி, கடைசியில் கேஸ் கட்டரை எடுத்து அறுத்தே போட்டான். எனக்கு அது வீண்செலவாகத் தெரிந்தது. "யூ போல்ட்ட ஒருக்காக் கழட்டுனா திரும்பப் போடக்கூடாதுங்க சார். இறுக்கி இறுக்கி அது நீண்டுபோயிருக்கும். மறுபடி அதே பிடி பிடிக்காது" என்றார் அண்ணன். பத்து ரூபாய் வாஷருக்குப் பேரம் பேசுகிறவர்கள்கூட இதில் பேரம் பேசுவதில்லையாம்.

இடது கட்டை இரண்டு பேர் தூக்கி வந்து தரையில் போட்டார்கள். நடு போல்ட்டைக் கழற்றும்போது என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். காரணம் பிறகுதான் புரிந்தது. நட்டின் கடைசி மரை விட்டதும் பிளேட்டுகள் 'டங்'கென்று ஒன்றையொன்று உதறிக்கொண்டு பிரிந்தன. கட்டாமல் இருக்கும்போது அவற்றின் வளைவு ஒன்றுக்கொன்று ஒத்திராது. கீழே போகப் போக ஒவ்வொரு பிளேட்டும் தனக்கு மேலுள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைந்திருக்கும். நடு போல்ட் இறுக்கும்போது அந்த வித்தியாசம் அமுங்கி, குட்டையான பிளேட்டின் நுனி மேலுள்ளதை எந்நேரமும் முட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும். பாரம் எல்லாப் பிளேட்டுகளுக்கும் பிரிந்து போவது இந்தப் பிணக்கால்தான்.

ஏழு பிளேட்டுகளையும் உயரவாரியாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்துவதுபோல, தரையில் அடுக்கினார். ஒரு நிமிடம் பார்த்தார். மூன்றாவதைக் காலால் எற்றிவிட்டார்.

"இது யாரு வீட்டுப் புள்ள?"

எனக்கும் அதற்குள் தெரிந்துவிட்டது. மற்ற ஆறும் எட்டு மில்லிமீட்டர் தடிமன், இது பத்து. மற்றவை வில்லாக வளைந்திருக்க, இது கிட்டத்தட்ட நேர்க்கோடு. வண்டியை மைத்துனனுக்கு விற்றவர், எங்கோ பழைய இரும்பில் கிடைத்ததை வெட்டி, துளை போட்டுச் சொருகியிருக்கிறார். பலம் ஏற்றியதாக நினைத்திருப்பார்.

தடிமன் விஷயம் ஏமாற்றக்கூடியது. பிளேட்டின் அகலம் இரண்டு மடங்கானால் விறைப்பும் இரண்டு மடங்குதான். தடிமன் இரண்டு மடங்கானாலோ எட்டு மடங்கு. எட்டு மில்லிமீட்டரைப் பத்தாக்கினாலே விறைப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். அதாவது அந்த ஒற்றைப் பிளேட் இரண்டு ஆளுக்குச் சமம். ஆனால் நேராக இருந்த அந்த இரட்டை ஆள், வரிசையின் நடுவில் நின்றுகொண்டு, கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்களைத் தாங்கவிடாமல் தடுத்திருக்கிறான். மேலிரண்டு பிளேட்டுகளும் நுனிப்பக்கம் ஆதரவில்லாமல் தனியாக வேலை செய்திருக்கின்றன.

அண்ணன் இரண்டாவது பிளேட்டை எடுத்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, டீசல் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். யூ போல்ட் கவ்வும் இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, மேல் முகத்தில், மயிரிழை போல ஒரு கோடு. விளிம்பில் நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. இந்த வில்லின் இரு முனைகளும் சேசிஸில் மாட்டியிருக்கும், நடுவே அச்சு. பாரம் ஏறும்போது வளைவு நிமிரும். அப்போது இழுபடுவது குழிந்த மேல் முகம். துருப் புள்ளியோ சுத்தியல் பட்ட வடுவோ அந்த முகத்தில் இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். இது இன்னும் முழுசாக உடையவில்லை, ஆனால் பாதி வேலையை விட்டுவிட்டது. இடப்பக்கம் இறங்கியதற்குக் காரணம் இவ்வளவே.

"வெல்டிங் வெச்சு ஒட்டிக்கலாமாண்ணா?" மைத்துனன் கேட்டேவிட்டான்.

அண்ணன் பதில் சொல்லாமல் அடுப்பை நோக்கிக் கை காட்டினார். அங்கே ஒரு லாரியின் பிளேட் வெந்துகொண்டிருந்தது.

அந்த அடுப்பருகே நான் நின்ற அரை மணி நேரத்துக்காகவே இந்தப் பயணம் தகும். கரி அடுப்பு, ஊதுவதற்கு ஒரு மின் விசிறி. ஸ்பிரிங் எஃகில் சிலிக்கானும் மாங்கனீசும் கலந்திருக்கும். வளைந்து மீளும் குணம் பாதி அந்தக் கலவையில், மீதி சூட்டில். பையன் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்திருந்தான். சிவந்த பிளேட்டின் பக்கத்தில் கொண்டுபோனான், ஒட்டவில்லை. எஃகு 770 டிகிரியைத் தாண்டினால் காந்தத்துக்கு மசியாது. வெப்பமானி இல்லாத பட்டறைக்குக் காந்தமே வெப்பமானி. அதற்குமேல் இன்னும் கொஞ்ச நேரம், நிறம் ஆரஞ்சுக்கு வரும்வரை. வெளியே எடுத்து, தரையில் சுண்ணாம்பால் வரைந்திருந்த வளைவுக்கு ஏற்ப அச்சில் வைத்து வளைத்து, அப்படியே எண்ணெய்த் தொட்டியில் இறக்கினார்கள். புகை கொட்டகையை நிறைத்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன், இல்லை. எண்ணெயில் குளித்து வந்த எஃகு கண்ணாடி மாதிரி, கடினமாக இருக்கும், ஆனால் பட்டென்று உடையும். மறுபடி மிதமான சூட்டில், நானூற்றுச் சொச்சம் டிகிரியில், வைத்து ஆற்றினால்தான் முரட்டுத்தனம் போய் வளைந்துகொடுக்கும். டெம்பர் என்கிறார்கள். இத்தனையும் செய்து வாங்கிய குணத்தை வெல்டிங் நெருப்பு ஒரு நிமிடத்தில், ஒரே இடத்தில், கெடுத்துவிடும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த மாதம் உடையும்.

சில பட்டறைகளில் அடுப்பே பற்றவைக்காமல், குளிர்ந்த பிளேட்டைச் சம்மட்டியால் அடித்தே வளைவு ஏற்றித் தருவார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடியும், காசும் குறைவு. "அது போன மாதிரியே திரும்பி வந்துரும்" என்றார் அண்ணன். வண்டியைச் சொன்னாரா வாடிக்கையாளரைச் சொன்னாரா தெரியவில்லை.

முடிவு என்ன? பழைய கட்டைச் சரிசெய்வதில்லை. இரண்டு பக்கமும் அந்த வண்டிக்கான அளவிலேயே புதுக் கட்டு. வலப்பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது என்று மைத்துனன் வாதாடிப் பார்த்தான். ஒரு காலில் புதுச் செருப்பும் ஒரு காலில் தேய்ந்த செருப்புமாக 70 வளைவு இறங்குவாயா என்று கேட்டதும் அடங்கிவிட்டான். கூடுதல் பலத்துக்கு, அடுக்கின் அடியில் தடித்த ஹெல்பர் பிளேட் ஒன்று. வெறும் வண்டியில் அது மேலுள்ளவற்றைத் தொடாது; நுனியில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். பாரம் ஏறி வில் நிமிர்ந்து வரும்போதுதான் அது தோள் கொடுக்கும். வேற்று வீட்டுப் பிள்ளை செய்ய முயன்றதும் இதைத்தான், ஆனால் இடம் மாறி நின்றுகொண்டு.

இதற்கிடையில் பெரிய பிக்கப் ஒன்று, சரக்குக்கு அல்லாமல் சவாரிக்கு வாங்குகிற ரகம், பளபளவென்று வந்து நின்றது. இரண்டு இளைஞர்கள். பின்பக்கம் உயரமாகத் தெரிய வேண்டும். ஷாக்கிளை நீட்டித் தரமுடியுமா என்றார்கள். பிளேட்டின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கிற ஆடுகட்டைதான் ஷாக்கிள். இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஒரு அங்குலம்தான் ஏறும், மறுமுனை அசையாமல் மாட்டியிருக்கிறதே. பின்பக்கம் ஏறினால் முகப்பு விளக்கு தரையைப் பார்க்கும், ஸ்டியரிங்கின் தன்மையும் மாறும். அண்ணன் பொறுமையாகச் சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு வேறு பட்டறையைத் தேடிப் போனார்கள்.

எங்கள் வண்டியில் விளக்குத் தொல்லை தலைகீழ். பின்பக்கம் அமுங்க, மூக்கு தூக்கி, வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணில் போயிருக்கிறது. முன்சக்கரங்களில் எடை குறைந்து ஸ்டியரிங் மிதந்திருக்கிறது. தோள்வலிக்கு வேர் அங்கே.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பொருத்தும் வேலை. நடு போல்ட்டின் தலை அச்சின் மேலுள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் அச்சு கோணி, வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும். புது யூ போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினார்கள். பிளேட்டின் கண்களில் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளை மட்டும் தளர்வாகவே விட்டார் அண்ணன். மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். வண்டியை இறக்கி, அது தன் காலில் நின்ற பிறகு இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

ஷாக் அப்சர்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து, புழுதி ஒட்டி, கருவாடாகியிருந்தன. பாரத்தை அதுதான் தாங்குகிறது என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பியிருந்தேன். அது ஒரு கிலோவைக்கூடத் தாங்குவதில்லை. வில் குதிக்கும், குதித்ததை அடக்குவது இதன் வேலை. விறைத்த வில்லுக்கு ஓய்ந்த ஷாக் போட்டால் காலி வண்டி மேட்டில் ஏறியதும் தவளையாகும். புதியதை மாட்டும் முன் பையன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி இழுத்தான். படுக்கவைத்திருந்தபோது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதற்காம்.

நான் முடிந்தது என்று எழுந்தபோது அண்ணன் மறுபடி வண்டிக்கு அடியில் படுத்தார். அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு கம்பி, அதன் மறுமுனை ஒரு சிறு வால்வில்.

"இதுதாங்க சார் பலபேர் பாக்காம விடறது."

சுமை உணரும் பிரேக் வால்வு அது. பாரம் ஏறி சேசிஸ் அச்சை நோக்கி இறங்கினால், கம்பி அசைந்து வால்வுக்குச் சேதி சொல்லும்: சரக்கு இருக்கிறது, பின்சக்கரத்துக்குப் பிரேக் கூடுதலாகக் கொடு. காலியாக இருந்தால் குறைத்துக் கொடு, இல்லாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். இப்போது யோசியுங்கள். பிளேட் ஏற்றிவிட்டோம், இரண்டு டன் ஏறினாலும் வண்டி முன்போல் அமுங்காது. வால்வோ அமுங்குவதை வைத்தே கணக்குப் போடுகிறது. வண்டி காலி என்று நினைத்துக்கொண்டு, கிழங்கு மூட்டைகளோடு மலையிறங்கும்போது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மொத்தப் பாரமும் முன் பிரேக்கில் விழுந்து சூடேறும். பலம் ஏற்றியதாக நினைத்து, நிறுத்தும் சக்தியைக் குறைத்திருப்போம். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. இத்தனை வருஷமும் பிளேட் ஏற்றிய வண்டிகளில் எத்தனை இந்தக் கம்பியைத் தொடாமலே மலையிறங்கிக்கொண்டிருக்கின்றனவோ.

அவர் கம்பியின் நிலையைப் பழைய அடையாளத்துக்கு வைத்து, ஆனால் அதோடு விடாமல், கம்பெனி சர்வீஸில் கொடுத்து, பாரத்தோடு பிரேக் அழுத்தம் அளந்து சரிபார்த்த பிறகே மலையேற வேண்டும் என்றார். "நான் கண்ணால வெச்சிருக்கேன். பிரேக்குக்குக் கண்ணு பத்தாது." தன் தொழிலின் எல்லை தெரிந்த ஆளைப் பார்ப்பது அரிது.

"அப்ப இனிமே ரெண்டரை டன் ஏத்தலாமாண்ணா?" என்றான் மைத்துனன், பாதி விளையாட்டாக.

"பிளேட் ஏறுனா ஆர்.சி. புக்குல எடை ஏறாது தம்பி. அச்சு அதேதான், டயர் அதேதான், சேசிஸ் அதேதான். இது உடையாட்டி அது உடையும்."

சட்டமும் ஏறத்தாழ அதையேதான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 194-ஆம் பிரிவில், அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய்; மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய்; கூடுதல் சரக்கை இறக்குகிற செலவும் நம்முடையது. அவன் வண்டி 1.7 டன் ஏற்றுகிற ரகம். எவ்வளவு ஏற்றிக்கொண்டிருந்தான் என்று கேட்டேன். "ஆலையில எடை மேடை இருக்குது மாமா" என்று பேச்சை மாற்றினான்.

சாயங்காலம் மறுபடி அதே சிமென்ட் திட்டில் அளந்தார்கள். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் ஒரு நூல்கூட இல்லை. காலி வண்டியில் வீடு திரும்பினோம். காலையில் வரும்போது பட்டறைக்கு முன்னிருந்த வேகத்தடையில் வண்டி மூன்று முறை குதித்தது. இப்போது ஒரு முறை ஏறி, இறங்கி, அமைதியாகப் போனது. இருக்கையில் முன்னைவிட ஒரு விறைப்பு இருந்ததையும் சொல்ல வேண்டும். ஹெல்பர் தொடவில்லை என்றாலும் புது வில் புது வில்தான்.

பிரேக்கை அளந்து சரிபார்த்து வந்த பிறகு, அடுத்த வாரம் சோளக்காட்டிலிருந்து அவனோடு லோடில் இறங்கினேன். வளைவுகளில் மூட்டைகள் முனகின, ஆனால் வண்டி மலைப்பக்கமும் சாயவில்லை, பள்ளத்துப் பக்கமும் சாயவில்லை. ஏறி வந்த பேருந்துக்கு ஒதுங்கி நின்றபோது கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அன்றைய லோடில் எத்தனை மூட்டை என்று நானும் எண்ணவில்லை. ஆலையின் எடை மேடைச் சீட்டை மட்டும் அவனாகவே எடுத்து என்னிடம் நீட்டினான். சரக்கு 1,680 கிலோ.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். புதுப் பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும்போது பிடி தளருமாம். எனக்கு நம்பிக்கையில்லை, புது நட்டு, புது மரை, அதற்குள் என்ன தளரப்போகிறது? ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறையில் பையன் டார்க் ரெஞ்சை மாட்டினான். எட்டு நட்டுகளில் ஏழு கால் சுற்று ஏறின. இடப்பக்கம் உள்பக்கத்து நட்டு மட்டும் அரைச் சுற்றுக்கு மேல் போயும் இன்னும் 'டக்' சொல்லவில்லை.